வகுத்தாரா, ஜோடித்தாரா, எழுதி வைத்தாரா?

அன்புள்ள தம்பிக்கு,

நீ மொழிபெயர்த்து அனுப்பிய வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்தேன். நடையில் தடங்கல் இல்லை. ஆனால் 'டிவைஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்லை எங்கே கண்டாலும் 'திட்டமிட்டார்' என்று போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறாய். யார், எதைச் செய்தார் என்று பார்த்த பிறகு அகராதியைத் திற.

லூயி பிரெய்ல், விரலால் தடவிப் படிப்பதற்காகச் சார்ல்ஸ் பார்பியே அமைத்திருந்த 12 புள்ளி முறையைப் பாதியாகக் குறைத்து, ஆறே புள்ளிகளில் எழுத்துகளை அடக்கினார். 1824இல் அவருக்கு வயது 15. அதைத் 'திட்டமிட்டார்' என்றால் வேலை இன்னும் தொடங்கவில்லை என்று ஆகிவிடுகிறது. 'கண்டுபிடித்தார்' என்பது பத்திரிகைப் பழக்கம். எங்கேயோ கிடந்ததை எடுத்து வந்த மாதிரி இருக்கும். எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி மேடாக நிற்க வேண்டும் என்று உட்கார்ந்து பிரித்து அமைத்தவரை 'வகுத்தார்' என்று சொல். அந்த ஆங்கிலச் சொல்லும் பிரித்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான்.

டைட்டஸ் ஓட்ஸ் விஷயம் வேறு. இங்கிலாந்தின் இரண்டாம் சார்ல்ஸ் மன்னரைக் கொல்லக் கத்தோலிக்கர்கள் சதி செய்வதாக 1678இல் அவர் கிளப்பிய புரளியை நம்பி அப்பாவிகளைக் கொன்றார்கள். மூலத்தில் இருப்பது 'கன்காக்ட்'. நீயோ 'சதித்திட்டம் தீட்டினார்' என்று எழுதி, இல்லாத சதியை உண்டாக்கி, அதற்கு ஓட்ஸையே தலைவராக்கிவிட்டாய். பொய் வழக்கை என்ன செய்வார்கள் நம் ஊரில்? ஜோடிப்பார்கள். அதையே போடு.

மாட்டிக்கொண்டது ஷேக்ஸ்பியரிடம்தான். 1616ஆம் ஆண்டு உயிலில், ஸ்ட்ராட்ஃபோர்டில் தாம் வாங்கியிருந்த நியூ பிளேஸ் வீட்டை மூத்த மகள் சூசன்னாவுக்கு 'டிவைஸ்' செய்கிறார். நீ 'மகளுக்காக வீட்டைத் திட்டமிட்டார்' என்கிறாய். அந்த வீட்டைக் கட்டியே நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, தம்பி! நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தை உயிலில் எழுதி வைப்பதற்கு ஆங்கிலச் சட்டத்தில் இருக்கும் சொல் அது. நகை, பணம், பாத்திரம் என்றால் 'பெக்வீத்'. (இந்த வித்தியாசத்தை இப்போது வக்கீல்களே பெரிதாகப் பார்ப்பதில்லை.) ஷேக்ஸ்பியரின் உயிலோ இவை இரண்டோடு இன்னும் இரண்டு வினைகளைச் சேர்த்து, நான்கையும் ஒரே மூச்சில் அடுக்குகிறது. நான்குக்கும் தமிழில் தனித்தனிச் சொல் தேடி அலையாதே. நம் பத்திர எழுத்தர்களிடம் அந்த அடுக்கு தயாராக இருக்கிறது: 'என் ஆயுளுக்குப் பிறகு சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' பழைய உயில் ஒன்றை வாங்கி வாய்விட்டுப் படித்துப் பார். தாளம் தானாகப் பிடிபடும்.

ஆனால், மனைவிக்கு அவர் விட்டுப்போன அந்தப் புகழ்பெற்ற இரண்டாந்தரக் கட்டில் வரும் இடத்தில் இதையெல்லாம் கொட்டிவிடாதே. அங்கே மூலத்தில் ஒரே வினைதான். 'கொடுக்கிறேன்' போதும்.

அன்புடன்,
அண்ணன்