வீடு அடிவாரத்தில் நிற்கட்டும்

நேமத்தான்பட்டி

அன்புள்ள மாப்பிள்ளை,

வண்டியின் போட்டோக்களைப் பார்த்தேன். கரூர்ப் பட்டறையில் நல்ல வேலைக்காரர்கள்தான் கை வைத்திருக்கிறார்கள். கட்டில், அடுப்பு மேடை, பின்பக்கம் கழிவறை, கூரை மேல் தண்ணீர் டேங்க் என்று ஒரு டிராவலருக்குள் இத்தனையும் அடங்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையும் உள்ள வீடுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. வீட்டை விட்டுப் போக உனக்கு மனசு வராது, வீட்டையே கூட்டிக்கொண்டு போகத்தான் தோன்றும். மே மாதம் அம்மாச்சியையும் ஏற்றிக்கொண்டு கோடைக்கானல் போவதாக முடிவாகிவிட்டது என்று உன் அம்மா போனில் சொன்னாள். அம்மாச்சி இப்போதே ஸ்வெட்டரை வெயிலில் காயப்போட்டு மடித்து வைத்துவிட்டது. ஆகவே போகாதே என்று எழுத எனக்கு வழியில்லை. எப்படிப் போவது என்றுதான் எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு படித்துக்கொள். வத்தலக்குண்டு வரை உன் வண்டியில் போங்கள். அங்கே அதை நிறுத்திவிட்டு, மலைக்குச் சின்ன வண்டி ஒன்றைப் பேசிக்கொண்டு ஏறுங்கள். மேலே இரண்டு ராத்திரி அறை எடுத்துத் தங்குங்கள். பிறகு எதற்கு இத்தனை செலவு செய்து வண்டி கட்டினேன் என்று கேட்பாய். தனுஷ்கோடி, தரங்கம்பாடி, ஹம்பி, கோகர்ணம் என்று அந்த வண்டிக்கு ஊர் பஞ்சமே கிடையாது. மலை ஒன்றுக்குத்தான் அது தோதில்லை.

அரசு பஸ்ஸே தினமும் போகிறதே என்று உன் அப்பா கேட்டாராம். போகிறது. அதை ஓட்டுகிறவர் வருஷக்கணக்காக அதே பாதையில் ஏறி இறங்குகிறவர். எந்தத் திருப்பத்தில் எதிர்வண்டி மூக்கை நீட்டும், மழை பெய்தால் எங்கே கல் உருண்டு கிடக்கும், எந்த இடத்தில் ஒதுங்க நாலடி மண் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குப் பாடம். பின்னால் விசிலோடு கண்டக்டர் வேறு. நாம் சமதளத்துக்காரர்கள். நம் பக்கம் மலை என்றால் குன்றக்குடியும் பிரான்மலையும். இரண்டும் காலால் ஏறுகிற மலை. நான் காரைக்குடியில் டூரிஸ்ட் வேன் ஓட்டிய காலத்தில், மலை டிரிப் என்றால் முதலாளி டிரைவரைத் தனியாகப் பொறுக்கி அனுப்புவார். கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, பின்னால் நாலு பேர் ஹாரன் அடித்தாலும் பதறாத ஆளா என்று பார்ப்பார்.

இனி வளைவுக்கு வருவோம். கோடைப் பாதையில் கொல்லிமலையைப் போல 70 கொண்டை ஊசி வளைவோ, வால்பாறையைப் போல 40-ஓ கிடையாது. காமக்காபட்டி செக்போஸ்ட்டைத் தாண்டியதிலிருந்து ஓயாமல் நெளிந்துகொண்டே போகிற நீளப் பாதை அது. மேஜர் லா என்ற வெள்ளைக்காரப் பொறியாளர் 19-ஆம் நூற்றாண்டில் கோடு போட்டது. வேலை முடிந்து வண்டிகள் ஓடியது முதல் உலகப்போர்க் காலத்தில். அதற்கு முன்பு பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தும், குதிரையிலும், ஆள்கள் தூக்கிய நாற்காலியிலும்தான் ஏறினார்கள். பிற்பாடு எவ்வளவோ அகலப்படுத்திவிட்டார்கள். ஆனாலும் மலையின் இடுப்பு அந்த நாளில் இருந்த அதே இடுப்புதான்.

வளைவில் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். மாட்டுவண்டியைச் சந்து முக்கில் திருப்பும்போது கடையாணி மூலைச் சுவரை உரசுமே, அதே சங்கதி. எவ்வளவு வெட்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, நீ இன்ஜினியர், போட்டுப் பார். முன்சக்கரம் 8 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வை. இரண்டு அச்சுக்கும் இடையே இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக உள்ள சின்னக் காருக்குப் பின்சக்கரம் ஒன்றேகால் அடி உள்ளே வரும். உன் வண்டிக்கு அந்த இடைவெளி 4 மீட்டர். மூன்றரை அடி உள்ளே வரும். இடப்பக்கம் மடங்குகிற திருப்பத்தில் ஏறும்போது உள்பக்கம் இருப்பது நீ. அந்த மூன்றரை அடிக்கு இடம் கொடுக்க, வண்டியை எதிர்ப்பக்கத்துக்குத் தூக்கி ஒடித்தாக வேண்டும். அதே நேரத்தில் பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் கழிவறைப் பகுதி எதிர்த் திசையில் வீசும். உன் வண்டியை வலப்பக்கம் முந்த நினைக்கிற பைக் ஓட்டும் பையனுக்கு அந்த வீச்சு தெரியாது. கண்ணாடியில் பார்த்தாலும் உனக்கும் பாதிதான் தெரியும்.

ஏறுவதாவது பரவாயில்லை, இன்ஜின் திணறும், நீயாகவே மெதுவாகப் போவாய். இறங்குவதுதான் மோசம். பாத்திரம், பண்டம், ஆள்கள் எல்லாம் சேர்ந்து உன் வண்டி 4 டன் என்று வைத்துக்கொண்டால், கோடையிலிருந்து வத்தலக்குண்டுக்கு 1,800 மீட்டர் போல உயரம் இறங்குகிறது. அந்த இறக்கத்தின் சக்தி முழுவதும் சூடாக மாறினால், சுமார் 240 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அத்தனை சூட்டையும் நாலு பிரேக்கின் தலையில் கட்டினால் என்ன ஆகும்? முதலில் லைனிங் தீய்கிற வாடை வரும். அடுத்து மிதி மெத்தென்று கீழே போகும். பிரேக் ஆயில் பழசாக, ஈரம் ஏறியதாக இருந்தால் அதுவும் கொதித்து ஆவியாகிவிடும், மிதித்தாலும் பிடிக்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டால் பிரேக்குக்கு மூச்சு கிடைக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவனோடு நீ எந்த வண்டியிலும் ஏறாதே. கல்லட்டி 36 வளைவுப் பாதையில் வெளியூர் வண்டிகள் மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறலாம், இறங்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அந்த உத்தரவின் பின்னால் பல சாவுகள் இருக்கின்றன.

உன் வண்டிக்கென்று இன்னும் இரண்டு தொல்லை உண்டு. கூரை மேல் 150 லிட்டர் தண்ணீர் என்றால் தலை மேல் 150 கிலோ. பாதி டேங்க் என்றால் இன்னும் மோசம். திருப்பத்துக்குத் திருப்பம் தண்ணீர் ஒரு பக்கமாகப் பாய்ந்து வண்டியை வெளிப்பக்கம் இழுக்கும். மற்றது கேஸ். 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பிடித்து, உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்த 9 பேர் இறந்தது உனக்கு நினைவிருக்கும். தடையை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படியும். உங்கள் கட்டிலுக்கு அடியில்தான் தங்கும். ஓடும்போது சிலிண்டர் மூடியே இருக்க வேண்டும், வண்டித் தரையில் காற்றுத் துளை இருக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் இதைக் கேட்டாயா? ஆர்.சி. புத்தகத்தில் மாற்றத்தைப் பதிந்துவிட்டாயா என்றும் பார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைக் கேட்கிறது. பதியாத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் கை விரிப்பதற்கு இடம் கொடுக்காதே.

சட்டப்படி என்ன தடை என்று பார்த்தால், உன் வண்டிக்கு ஒன்றும் இல்லை. கோடைக்கு 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகள் வரக்கூடாது என்று 2024 நவம்பரில் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. உன்னுடையது 7 மீட்டர்தான். ஆனால் அந்தத் தடை பெரிய பஸ்களையும் கன்டெய்னர்களையும் மனதில் வைத்துப் போட்டது. அதில் தப்பிவிட்டோம் என்று தைரியம் வேண்டாம். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்து க்ளேசியர் தேசியப் பூங்காவில், மலையைக் குடைந்து போகும் சாலை ஒன்று உண்டு. கோயிங் டு தி சன் என்று பேர். அதன் மேல் பகுதியில் 21 அடி நீளத்துக்கும் 8 அடி அகலத்துக்கும் மேற்பட்ட வண்டி போகக் கூடாது. அகலத்தில் பக்கக் கண்ணாடியும் சேர்த்தி. வீட்டு வண்டிகளின் தாயகமே அந்த நாடு. அங்கேயே வீட்டைக் கீழே விட்டுவிட்டுப் பூங்கா பஸ்ஸில் ஏறச் சொல்கிறார்கள். உன் வண்டி 23 அடி, அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் ஊரில் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கோடை ஊர் வரை எப்படியோ போய்ச் சேர்ந்தாய் என்று வை. அம்மாச்சிக்கு ஏரியும் தூண் பாறையும் ஒரு பொருட்டில்லை. அது கேட்பது பூம்பாறைக் குழந்தை வேலப்பர். அந்த வழி மலைக்காட்டுக்குள் போகிற ஒடுங்கின ரோடு. அதற்கு மேலே மன்னவனூர், கூக்கால் என்று போனால் இன்னும் ஒடுக்கம். எதிரே பூண்டு மூட்டை ஏற்றிய வண்டி வந்தால் ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். வட்டக்கானல் பக்கம் வண்டியைத் திருப்பக்கூட இடம் தேட வேண்டியிருக்கும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை பாஸ் வேண்டும், அங்கே ராத்தங்கல் கிடையாது. காட்டோரத்தில் நிறுத்திக் கட்டிலைப் போட்டுப் படுக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். காட்டுமாடு ஊருக்குள்ளேயே திரிகிற இடம் அது. கழிவுத் தண்ணீரை எங்கே விடுவாய் என்பதையும் யோசி. மலையில் நீ திறந்துவிடுகிற தண்ணீர் கீழே யாரோ குடிக்கிற ஓடைக்குத்தான் போகும்.

நம் பக்கத்து நகரத்தார் காவடி தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறாய். அரிசி, பாத்திரம், சாமான் எல்லாம் கூடவே வண்டியில் வரும். தங்குகிற இடத்தில் அடுப்பு மூட்டி ஊருக்கே சோறு போடுவார்கள். வீட்டு வண்டி ஒன்றும் நீ கண்டுபிடித்ததில்லை. ஆனால் பழனிக்குப் போனதும் வண்டி அடிவாரத்தோடு சரி. மேலே காவடியும் ஆளும்தான் ஏறும். நான் சொல்கிற ஏற்பாடும் இதுதான், புதிதாக எதுவும் இல்லை.

இவ்வளவு சொல்லியும் நீ ஏற்றத்தான் போகிறாய் என்றால், அதற்கும் எழுதிவிடுகிறேன், உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். பழனி வழி வேண்டாம், வத்தலக்குண்டு வழியே ஏறு. காமக்காபட்டியை விடிந்ததும் தாண்டிவிடு. கூரை டேங்க்கை அடிவாரத்திலேயே காலி செய். பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிவிட்டுக் கிளம்பு. ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்று ஓட்டுதல் விதி இருக்கிறது. எதிரே வருகிறவனுக்கு அது தெரியும் என்று மட்டும் நம்பாதே. திருப்பத்துக்கு முன்பே நின்று ஹாரன் அடி, எதிர்வண்டி கடந்த பிறகு ஒடி. பின்னால் வரிசை சேர்ந்தால் இடம் பார்த்து ஒதுங்கி எல்லோரையும் விட்டுவிடு. டம்டம் பாறையில் நிறுத்த இடம் உண்டு; தலையாறு அருவியை அம்மாச்சிக்கு அங்கிருந்தே காட்டு, டீயும் குடிக்கலாம். வெள்ளி நீர்வீழ்ச்சித் திருப்பத்தில் மட்டும் நிறுத்தாதே. அங்கே எல்லாரும் நிறுத்தித்தான் பாதி நெரிசலே. ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரத்துக்குக் கட்டை போட ஆள் வேண்டும். உன் தம்பி போனைப் பார்க்காமல் இருப்பான் என்றால் அந்த வேலையை அவனிடம் கொடு. அம்மாச்சியை முன் சீட்டில் உட்கார வை, பின்னால் படுத்தால் நாலாவது திருப்பத்தில் வாந்தி வரும். மேலே சோறு வைப்பதானால் குக்கர் கொண்டு போ. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமாகும்.

எந்த வழியானாலும் மே மாதம் வேண்டாம். 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. 2025 கோடைக்காலத்துக்கு உயர் நீதிமன்றம் கோடைக்கானலுக்கு வார நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று அளவும் வைத்தது. அளவு வைக்கிற அளவுக்கு நெரிசல் என்றால் நீயே யோசித்துக்கொள். அதோடு, மே மாதம் வத்தலக்குண்டில் நிறுத்திய வண்டிக்குள் யாரும் உட்காரக்கூட முடியாது, வெந்துபோவீர்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகு, ஜூன் மூன்றாம் வாரம் செவ்வாய் புதனில் போனால் ரோடு காலியாக இருக்கும். அம்மாச்சியிடம் தேதி மாறியதை நான் சொல்லிக்கொள்கிறேன், திட்டு எனக்கு விழட்டும்.

வத்தலக்குண்டுப் பக்கம் எனக்குத் தெரிந்தவருக்கு ரோட்டை ஒட்டி மாந்தோப்பு இருக்கிறது. காவலாளும் கிணறும் உண்டு, வண்டி இரண்டு நாள் நிற்கும். மேலே போய்வர அந்த ஊர் டிரைவரோடு ஜீப்புக்கும் அவரே சொல்லிவைப்பார். எத்தனை பேர் வருகிறீர்கள், எந்தத் தேதி என்று இந்த வாரத்துக்குள் எனக்கு எழுது. இ-பாஸ் எடுக்க அந்த ஜீப் நம்பரை வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மாமா