எதிர்த்தரப்பையும் கேட்டாயா? ஈப்போ நீதிமன்றம் தரும் பாடம்



இந்த மாத வகுப்புக்கு ஒரு நீதிபதியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் சட்டம் படிக்கிறவன் இல்லை, சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். ஆனாலும் ஒரு பெயர் உடனே ஞாபகத்துக்கு வந்தது: நீதிபதி லீ ஸ்வீ செங். வழக்கறிஞராக இருந்து நீதிபதியானவர். ஈப்போ உயர்நீதிமன்றம், கோலாலம்பூர் கட்டுமான நீதிமன்றம், பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் என்று போனது அவருடைய பணி.

"அவர் நம்மாளு இல்லையே, இந்து இளைஞர் இதழில் எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பாடம் முழுக்கப் பதில்.

பெரட்டுக் களத்துத் தீர்ப்பு

பேராக்கில் நம்மில் பாதிப் பேருக்குத் தாத்தா பாட்டி தோட்டத்து ஆட்கள்தான். எங்க பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவினவங்க. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள்ளே போலீஸ், கோர்ட்டு எல்லாமே துரைதான் என்று சொல்வாங்க. ஒருத்தர் மேல கிராணி புகார் சொன்னால், காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு "உனக்கு வேலை இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். "அவன் பக்கத்து நியாயம் என்னன்னு யாருமே கேக்கல தம்பி" என்று பாட்டி இன்னைக்கும் சொல்றாங்க.

கவனியுங்கள். தண்டனை கொடுத்தது பாட்டிக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. ஒருவேளை அந்த ஆள் தப்பு செய்தவராகவே இருந்திருக்கலாம். கேட்காமல் கொடுத்ததுதான் ஐம்பது வருஷமாக அவங்க மனசில் நிற்கிறது. சட்டத்தில் இதற்கு 'இயற்கை நீதி' என்று பெயர். அதன் முதல் விதி: யாருக்குப் பாதிப்பு வருமோ, அவரைக் கேட்காமல் முடிவு எடுக்காதே.

ஈப்போவில் நடந்தது

எம். இந்திரா காந்தி ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியை. 2009-இல் அவருடைய கணவர் இஸ்லாத்தைத் தழுவினார். அவர் மதம் மாறியது அவருடைய உரிமை, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் மூன்று பிள்ளைகளையும் மதம் மாறியவர்களாகப் பதிவு செய்து சான்றிதழ் வாங்கினார். அம்மாவைக் கேட்கவில்லை. பிள்ளைகளும் அந்த இடத்தில் இல்லை. கடைசிப் பெண் குழந்தைக்கு அப்போது 11 மாதம். அந்தக் குழந்தையை அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

2010 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் மூன்று பிள்ளைகளையும் வளர்க்கும் உரிமையைத் தாய்க்குக் கொடுத்தது. சான்றிதழ் பிரச்சினை தனி வழக்காக லீ ஸ்வீ செங் முன் வந்தது. அப்போது அவர் நீதி ஆணையர்.

அவருக்கு எளிதான வழி ஒன்று இருந்தது. 1988-இல் அரசியலமைப்பில் 121(1ஏ) என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஷரியா நீதிமன்ற அதிகாரத்துக்குள் வரும் விஷயங்களில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம். "இது என் வேலை இல்லை" என்று சொல்லிக் கோப்பை மூடியிருக்கலாம். அதோடு, 2007-இல் சுபாஷினி வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் பெரும்பான்மைக் கருத்து, பெற்றோரில் ஒருவர் சம்மதித்தால் போதும் என்பதுபோல இருந்தது.

ஆனால் அவர் கோப்பை மூடவில்லை. இந்திரா முஸ்லிம் அல்ல, ஷரியா நீதிமன்றத்தில் போய் வழக்காட அவருக்கு வழியே இல்லை. அப்படியானால் அவர் எங்கே போவார்? ஒரு குடிமகளுக்கு எந்தக் கதவும் இல்லாமல் போகக்கூடாது. இதுதான் வழக்கின் நடுவில் இருந்த கேள்வி.

2013 ஜூலை 25-ஆம் தேதி மூன்று சான்றிதழ்களும் செல்லாது என்று அவர் தீர்ப்பளித்தார். காரணங்களைச் சுருக்கமாகச் சொன்னால்:

1. தாயைக் கேட்கவில்லை. இயற்கை நீதி மீறப்பட்டது.
2. பேராக் மாநிலச் சட்டமே, மதம் மாறுகிறவர் நேரில் உறுதிமொழி சொல்ல வேண்டும் என்கிறது. பிள்ளைகள் அங்கே இல்லவே இல்லை.
3. தாய்க்கும் தந்தைக்கும் பிள்ளைகள் மேல் சம உரிமை உண்டு. அரசியலமைப்பு தரும் சமத்துவத்தையும் மதச் சுதந்திரத்தையும் ஒருவருக்கு மட்டும் கொடுக்க முடியாது.

இரண்டாவது காரணத்தைத் திரும்பப் படியுங்கள். எந்த மதம் சரி என்று அவர் பேசவே இல்லை. இஸ்லாமிய நிர்வாகச் சட்டத்தையே எடுத்து, அதில் சொன்னபடி நடந்ததா என்று மட்டும் பார்த்தார்.

மேலே போன வழக்கு

உயர்நீதிமன்றத் தீர்ப்போடு கதை முடியவில்லை. 2014-இல் குழந்தையை ஒப்படைக்காத தந்தை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பானது. போலீஸ் செயல்படவேண்டும் என்று போலீஸ் படைத் தலைவருக்கே லீ ஸ்வீ செங் உத்தரவு போட்டார். 2015 டிசம்பர் 30-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-க்கு 1 என்ற பெரும்பான்மையில் சான்றிதழ் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. மாறுபட்டு எழுதியவர் நீதிபதி ஹமிட் சுல்தான் அபு பாக்கர்.

கடைசியாக 2018 ஜனவரி 29-ஆம் தேதி, கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில் இந்திராவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்கள். சிவில் திருமணத்தில் பிறந்த பிள்ளையை மதம் மாற்ற, தாய் தந்தை இருவரும் உயிரோடு இருந்தால், இருவர் சம்மதமும் வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதை எழுதியவர் நீதிபதி ஸைனுன் அலி. அந்த ஐவரில் நால்வர் முஸ்லிம்கள்.

இப்போது "நம்மாளு" கேள்விக்கு வருவோம். ஒரு இந்துத் தாய்க்காக ஒரு சீன நீதிபதி எழுதினார், ஒரு முஸ்லிம் நீதிபதி மாறுபட்டு நின்றார், ஒரு முஸ்லிம் பெண் நீதிபதி இறுதித் தீர்ப்பை எழுதினார். நீதிபதி நாற்காலியில் நம்மாளு உட்காரவேண்டும் என்பதைவிட, அங்கே உட்காருகிறவர் எல்லாரையும் கேட்கிறவராக இருக்கவேண்டும் என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஆனால் வலிக்கிற உண்மை ஒன்றும் உண்டு. தீர்ப்பு வந்தும் அந்தக் கடைசி மகள் இன்னும் தாயிடம் வந்து சேரவில்லை. நீதிபதியால் எழுதத்தான் முடியும். எழுதியதை நடத்திக் காட்டவேண்டியது மற்றவர்கள்.

சிமெண்டிலும் அதே விதி

இந்தப் பெயரை நான் இரண்டாவது தடவை பார்த்தது கட்டுமான ஒப்பந்தப் பாடத்தில். 2013-இல் தொடங்கின கட்டுமான நீதிமன்றத்தில், ஈப்போவுக்குப் பிறகு லீ ஸ்வீ செங் நீதிபதியாக இருந்தார். நம்ம பையன்கள் நிறையப் பேர் சின்னச் சின்ன காண்ட்ராக்டர்கள். வேலையை முடித்துவிட்டுக் காசுக்கு அலைகிற கதை தெரியும்தானே? அதற்காகவே 2012-இல் 'சிப்பா' என்று சுருக்கமாகச் சொல்கிற சட்டத்தை இயற்றி, 2014 ஏப்ரல் 15 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் நிற்காமல், ஒரு நடுவர் சீக்கிரமாக முடிவு சொல்வார். ஆனால் அந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நடுவர் இயற்கை நீதியை மறுத்திருந்தால் உயர்நீதிமன்றம் அவர் முடிவை ரத்து செய்யலாம்.

அங்கே தாய்ப்பாசம், இங்கே சிமெண்ட் பில். ஆனால் விதி ஒன்றுதான்: எதிர்த்தரப்பைக் கேட்டாயா?

நமக்கு இது புதுசா?

சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். பாண்டியன் கெட்ட அரசன் இல்லை. பொற்கொல்லன் ஒருவன் சொன்னதை மட்டும் கேட்டான், கோவலனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டியபோது, தான் அரசனே இல்லை என்று உணர்ந்து உயிரை விட்டான். வள்ளுவரும் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம், செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறார். தர்மம் என்று நாம் சொல்வதில் கேட்பதும் அடக்கம்.

நாம் செய்யவேண்டியது

உங்களையோ வீட்டில் யாரையோ காரணம் இல்லாமல் வேலையிலிருந்து நீக்கினால், 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி 60 நாளுக்குள் புகார் கொடுக்கவேண்டும். 61-ஆம் நாள் போனால் கதவு மூடிவிடும். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் ஈப்போவில் சட்ட உதவித் துறையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கின்றன. பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், சம்பளச் சீட்டு, கடிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நீதிபதி கேட்கத் தயாராக இருந்தாலும், சொல்ல நம்மிடம் ஆதாரம் வேண்டும்.

அதோடு சங்கக் கூட்டத்திலும் இதைப் பழகுவோம். ஒருத்தர் மேல் புகார் வந்தால், வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதாமல், முதலில் அவரைக் கூப்பிட்டுக் கேட்போம். பெரட்டுக் களத்தில் நம்ம பெரியவங்களுக்குக் கிடைக்காததை நாம் இன்னொருத்தருக்கு மறுக்கக்கூடாது.

வகுப்பில் பேச

1. "இது என் அதிகாரத்துக்குள் இல்லை" என்று நீதிபதி சொல்லியிருந்தால் இந்திரா காந்திக்கு வேறு என்ன வழி இருந்திருக்கும்?
2. தீர்ப்பு வந்தும் நடைமுறைக்கு வராதபோது குடிமக்கள் சட்டத்துக்கு உட்பட்டு என்ன செய்யலாம்?
3. உங்கள் வீட்டிலோ கிளையிலோ ஒருவரைக் கேட்காமல் எடுத்த முடிவு ஏதாவது உண்டா? இப்போது கேட்டால் அது மாறுமா?