புல்வெட்டி வாங்குமுன் எஞ்சினைப் படியுங்கள்

பனி உருகி வசந்தம் எட்டிப் பார்த்ததும் மார்க்கம், ஏஜாக்ஸ், எடிசன் என்று நம்மவர்கள் வீடு வாங்கிக் குடியேறிய ஊர்களில் புல்வெட்டிப் பேச்சு தொடங்கிவிடும். கடையில் சிவப்பும் பச்சையும் கறுப்புமாக வரிசையாக நிற்கும். பின்சக்கரம் பெரிதா, புல் பை தாராளமா, கைப்பிடி மடங்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். எஞ்சினை மட்டும் குனிந்து பார்ப்பதில்லை. அந்த வண்டி ஐந்தாறு வருஷத்தில் குப்பைக்குப் போவதா, பதினைந்து வருஷம் உழைப்பதா என்பது பெரும்பாலும் எஞ்சினைப் பொறுத்தது. சக்கரமும் பையும் கம்பியும் கெட்டால் வாங்கி மாட்டிவிடலாம். எஞ்சின் போனால் புது வண்டியே வாங்கிவிடுங்கள் என்று பழுதுபார்ப்பவரே சொல்லிவிடுவார்.

வண்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயர் எஞ்சின் செய்தவருடையது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே கம்பெனியின் வண்டிகளில் ஒன்றில் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சினும் அடுத்ததில் கவாசாகி எஞ்சினும் இருக்கும். விலை வித்தியாசத்துக்குக் காரணம் பல நேரம் இதுதான். நான் இங்கே சொல்வதெல்லாம் பின்னால் நடந்தபடி ஓட்டும் 21 அங்குல பெட்ரோல் வண்டிக்கு. கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இது அதிகம் பயன்படாது. அங்கே 2024 மாடல் ஆண்டு முதல் இந்த வகைப் புதிய சிறு எஞ்சின்கள் புகையே விடக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது.

முதலில் உங்கள் மணிக்கணக்கு

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் புல்தரையை ஒருமுறை வெட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும், வருஷத்துக்கு எத்தனை முறை வெட்டுவீர்கள் என்று பெருக்கிப் பாருங்கள். கால் ஏக்கர் மனையில் வீடும் கார் நிறுத்துமிடமும் போக மீதியை வெட்ட முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வடக்கில் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை ஏறக்குறைய 25 தடவை வெட்ட வேண்டியிருக்கும். ஆக, ஏறத்தாழ 19 மணி நேரம். பிரிக்ஸ் கம்பெனி தன் கையேட்டில், சாதாரண வீட்டுப் புல்வெட்டி வருஷத்துக்கு 20 முதல் 25 மணி நேரம் ஓடும் என்றே கணக்குப் போடுகிறது.

அரை ஏக்கர் என்றால் இது இரட்டிப்பாகும். பக்கத்து வீட்டு மாமாவுக்கு முடியவில்லை என்று அவர் புல்லையும் சேர்த்து வெட்டினால் இன்னும் கூடும். பையன் கோடை விடுமுறையில் தெருவில் நாலு வீட்டுக்கு வெட்டிக் காசு சேர்க்கிறான் என்றால் நூறு மணி நேரத்தைத் தாண்டிவிடும். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனிச் சொல்லப்போவதெல்லாம் இதை வைத்துத்தான்.

எஞ்சினில் ஒட்டியிருக்கும் சீட்டு

எஞ்சினைச் சுற்றிக் கண்ணை ஓட்டினால், பெரும்பாலும் மேல்மூடியிலோ பக்கவாட்டிலோ, பொடி எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். புகைக் கட்டுப்பாட்டுச் சீட்டு. வாங்குபவர்கள் யாரும் இதைப் படிப்பதில்லை. கடைக்காரர்களிலும் படித்தவர் குறைவு. என்னைக் கேட்டால், கடையில் நிற்கும் அத்தனை விளம்பர அட்டைகளையும்விட மதிப்புள்ளது இந்தச் சீட்டுதான்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சிறு எஞ்சின்கள் எத்தனை மணி நேரம் ஓடிய பிறகும் புகை அளவுக்குள் இருக்கும் என்று தயாரிப்பாளரிடம் உறுதி கேட்கிறது. நம் வண்டிகளில் இருக்கும் 225 சிசிக்குக் குறைந்த எஞ்சின்களுக்கு மூன்று தரங்கள் உண்டு. சி என்றால் 125 மணி, பி என்றால் 250 மணி, ஏ என்றால் 500 மணி. சில சீட்டுகளில் எழுத்துக்குப் பதில் மணிக்கணக்கே இருக்கும். கலிபோர்னியா முறையில் எழுதிய சீட்டுகளில் இதே மூன்றும் மாடரேட், இன்டர்மீடியட், எக்ஸ்டெண்டட் என்று வரும்.

இது எஞ்சினின் ஆயுள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 125 மணி முடிந்த அன்றே எஞ்சின் நின்றுவிடாது. ஒழுங்காகப் பராமரித்தால் அதைப் போல் பல மடங்கு ஓடும். ஆனால் புகை அளவு எப்போது மீறும் என்று யோசியுங்கள். பிஸ்டன் ரிங்கு தேய்ந்து ஆயில் மேலேறி எரியும்போது. வால்வு சரியாக உட்காராமல் போகும்போது. அதாவது எஞ்சின் உள்ளே தேயும்போது. ஆகவே 500 மணிக்கு உறுதி கொடுக்கத் துணிந்த கம்பெனி, அந்த எஞ்சினின் உள்ளுறுப்புகளைத் தேய்மானம் தாங்கும்படி செய்திருக்கிறது என்று நம்பலாம். விற்பவர் வாய்ப்பேச்சுக்கு இல்லாத பொறுப்பு இந்த எண்ணுக்கு உண்டு. சட்டப்படி பதில் சொல்ல வேண்டிய எண் இது.

இப்போது நீங்கள் குறித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். வருஷத்துக்கு 20 மணி ஓட்டுபவருக்கு பி தரமே பன்னிரண்டு வருஷத்துக்கு வந்துவிடும். அவர் ஏ தரத்துக்காக இருமடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை. 60, 70 மணி ஓட்டுபவர் சி தர எஞ்சினை வாங்கினால் இரண்டே வருஷத்தில் அந்த உறுதி தீர்ந்துவிடும். அவர் ஏ தரத்துக்குக் கீழே இறங்கவே வேண்டாம்.

குதிரைச்சக்தி பற்றி ஒரு வார்த்தை

முன்பெல்லாம் புல்வெட்டியின் நெற்றியில் குதிரைச்சக்தி எண்தான் பளிச்சென்று இருக்கும். அந்த எண்கள் மிகைப்படுத்தியவை என்று வாங்கியவர்கள் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். பல பெரிய கம்பெனிகள் மீதான அந்த வழக்கு 2010-இல் சமரசத்தில் முடிந்தது. இப்போது பெரும்பாலான வண்டிகளில் சிசி அளவும் டார்க் எண்ணும்தான் இருக்கின்றன. 21 அங்குல வண்டிக்கு 150 சிசிக்கு மேல் இருந்தால் சாதாரணப் புல்லுக்குப் போதும். அடர்ந்த புல், ஈரப் புல், மேடு என்றால் 160 முதல் 200 சிசி நல்லது. எஞ்சின் திணறாமல் வெட்டினால் சூடும் குறையும், தேய்மானமும் குறையும். இந்த எண்ணுக்கு அதற்கு மேல் முக்கியத்துவம் தர வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது

விவரத் தாளை வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் எஞ்சின் மாடலைப் போட்டுத் தயாரிப்பாளரின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். முதலில் கண்ணில் பட வேண்டியது வார்ப்பிரும்பு ஸ்லீவ். இந்த எஞ்சின்களின் உடம்பு அலுமினியம். விலை குறைந்தவற்றில் பிஸ்டன் அந்த அலுமினியச் சுவரிலேயே உரசி ஓடும். நீடித்த உழைப்புக்குச் செய்தவற்றில் சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் இறக்கியிருப்பார்கள். தூசியும் சூடும் சேர்ந்து அரிக்கும்போது இரும்பு தாங்குகிற அளவுக்கு அலுமினியம் தாங்காது. ஊரில் பழைய மோட்டார்சைக்கிளுக்கு ஸ்லீவ் போட்டு ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது ஆயில் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது. பெரும்பாலான வீட்டு எஞ்சின்களில் அடியில் சுழலும் ஒரு பல்சக்கரம் ஆயிலை வாரி இறைக்கும், அவ்வளவுதான். உயர்ந்த ரகங்களில் பம்பு ஆயிலை அழுத்தத்தோடு பேரிங்குகளுக்கு அனுப்பும். சரிவில் வெட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வண்டி சாயும்போது ஆயிலும் ஒரு பக்கம் ஒதுங்கும். வாரி இறைக்கும் முறையில் மறுபக்கத்துக்குக் குறையும். பம்பு இருந்தாலும் கையேட்டில் சொன்ன சாய்வைத் தாண்டக் கூடாது.

வால்வு மேலே இருக்கும் ஓஹெச்வி அமைப்புதான் இப்போது பெரும்பாலும். ஏர் ஃபில்டர் மடிப்புக் காகிதமாக இருந்தால் நல்லது. அதன் மேல் நுரை உறையும் இருந்தால் இன்னும் நல்லது. காய்ந்த புல்லை வெட்டும்போது எழும் புழுதிதான் இந்த எஞ்சின்களுக்கு முதல் எதிரி.

பெயர்களுக்கு வருவோம்

கவாசாகி எஃப்ஜே180வி, 179 சிசி. இரும்பு ஸ்லீவ், அழுத்தத்தில் ஆயில் என்று இரண்டும் இதில் உண்டு. புல் வெட்டுவதையே தொழிலாகச் செய்பவர்களின் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். இது பொருத்திய வண்டி ஆயிரம் டாலருக்கு மேல் போகும். ஹோண்டாவில் ஜிஎக்ஸ்வி வரிசையும் அதே தொழில்முறை ரகம், இரும்பு ஸ்லீவ் உள்ளது. ஹோண்டா ஜிசிவி வரிசை வீட்டுக்கானது. ஜிஎக்ஸ்வியும் ஜிசிவியும் ஒன்றென்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு கட்டுமானம். ஜிசிவியும் நல்ல எஞ்சின்தான், சட்டென்று கிளம்பும், சத்தம் குறைவு. ஆனால் தொழில்முறை எஞ்சினின் ஆயுளை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஹோண்டா தன் சொந்தப் பெட்ரோல் புல்வெட்டிகள் செய்வதை 2023-இல் நிறுத்திவிட்டது. கடையில் அவர்கள் வண்டி இருந்தால் அது மிஞ்சிய சரக்கு.

பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் மில்வாக்கியில் 1908-இல் தொடங்கிய கம்பெனி. 2020-இல் திவாலுக்கு மனுப் போட்டு, அதே வருஷம் கைமாறி, தொடர்ந்து எஞ்சின் செய்துவருகிறது. வீட்டு வண்டிகளில் அதிகம் கண்ணில் படுவது அதன் ஈஎக்ஸ்ஐ வரிசை. இதற்கு ஆயில் மாற்றவே வேண்டாம், குறைந்தால் ஊற்றினால் போதும் என்கிறது கம்பெனி. நான் மாற்றத்தான் சொல்வேன். அரை லிட்டர் அளவு ஆயில்தான் பிடிக்கும். காற்றால் மட்டும் குளிரும் எஞ்சினில், ஆயில் ஃபில்டரும் இல்லாமல், அந்தக் கொஞ்ச ஆயில் வருஷக்கணக்காக அழுக்கைச் சுமக்க வேண்டாம். மாதத்துக்கு நாலு தடவை சின்னத் தோட்டம் வெட்டுபவருக்கு ஈஎக்ஸ்ஐயின் பெரிய ரகமான 163 சிசி எஞ்சின் தாராளம்.

கடையின் சொந்தப் பெயரில் வரும் சீன எஞ்சின்களை ஒட்டுமொத்தமாகத் தள்ள வேண்டியதில்லை. அவற்றிடம் ஒரே கேள்விதான்: உதிரிபாகம் எட்டு வருஷம் கழித்தும் கிடைக்குமா? கார்புரேட்டர், கயிறு இழுக்கும் ரீகாயில், ஏர் ஃபில்டர், கேஸ்கெட் இந்த நாலும் உங்கள் ஊரிலேயே கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். இவை கிடைக்காத எஞ்சின் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் ஒரு கேஸ்கெட்டுக்காகக் கராஜில் மூலையில் நிற்கும்.

வாரண்டித் தாளிலும் ஒரு வரி பாருங்கள். வீட்டுக்கு இரண்டு வருஷம் என்று இருக்கும் அதே எஞ்சினுக்கு, தொழிலுக்கு 90 நாள் என்று கீழே இருக்கும். பையன் நாலு வீட்டில் காசு வாங்கி வெட்டினால் அது தொழில்.

கடையில் கை வைத்துப் பார்க்க வேண்டியவை

ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து மூடுங்கள். கருவி இல்லாமல் கையால் திறந்தால்தான் அடிக்கடி சுத்தம் செய்வீர்கள். ஸ்பார்க் பிளக்குக்குச் சாவி போகிற இடம் இருக்கிறதா? பெட்ரோலை நிறுத்தும் சின்ன வால்வு இருக்கிறதா? இருந்தால் பெரிய வசதி. பருவம் முடிகையில் வால்வை மூடி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டால் கார்புரேட்டர் காலியாகிவிடும். அடுத்த வசந்தத்தில் கிளம்பாத புல்வெட்டிகளில் பெரும்பகுதிக்குக் காரணம் கார்புரேட்டரில் நின்று பிசினான பழைய பெட்ரோல்தான்.

கைப்பிடியை விட்டதும் கத்தி மூன்று விநாடிக்குள் நிற்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். சாதாரண வண்டிகளில் அதற்காக எஞ்சினே நின்றுவிடும். தொழில்முறை வண்டிகள் சிலவற்றில் கத்தி மட்டும் நின்று எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். பையை அடிக்கடி காலி செய்பவருக்கு அது நல்லது; ஒவ்வொரு தடவையும் கயிறு இழுக்க வேண்டாம்.

முதல் ஐந்து மணி நேரம்

பெட்டியில் வரும் புது வண்டியில் பெரும்பாலும் ஆயில் இருக்காது. அளவுக் குச்சியைத் துடைத்து, திரும்ப வைத்து எடுத்துப் பார்த்த பிறகே கயிற்றைத் தொடுங்கள். கையேட்டில் மாற்றச் சொல்லியிருந்தால் முதல் ஐந்து மணி நேரத்தில் ஒருமுறை மாற்றுங்கள். புது எஞ்சின் தன்னைச் சமன்செய்துகொள்ளும்போது உதிரும் உலோகத் துகள் அதோடு வெளியே போகும். பிறகு 50 மணிக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை. ஆயில் வடிக்கச் சாய்க்கும்போது பிளக் வயரைக் கழற்றிவிட்டு, ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கும்படி சாய்க்க வேண்டும்.

பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் 15 சதவீதக் குழாயில் ஆரஞ்சு நிற எச்சரிக்கைச் சீட்டு இருக்கும். அதைச் சிறு எஞ்சினில் ஊற்றுவது சட்டப்படியே தடை. வேர், கல், தண்ணீர்க் குழாய்த் தலை இவற்றில் கத்தி மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தி நேராக கிராங்க்‌ஷாஃப்டின் நுனியில் மாட்டியிருக்கிறது. பலமாக மோதினால் ஷாஃப்ட் வளையும், அதோடு எஞ்சின் கதை முடியும்.

பணம் கட்டுமுன் எஞ்சினில் பொறித்திருக்கும் எண்களைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிரிக்ஸில் மாடல், டைப், கோட் என்று மூன்று எண்கள். கோட் எண்ணின் முதல் ஆறு இலக்கமும் முறையே வருஷம், மாதம், தேதி. எஞ்சின் எப்போது செய்தது, எவ்வளவு நாள் கிடங்கில் கிடந்தது என்று அங்கேயே தெரிந்துவிடும். உதிரிபாகக் கடையில் போய் நின்றால் வண்டியின் பெயரைக் கேட்க மாட்டார்கள், இந்த மூன்றைத்தான் கேட்பார்கள்.