குதிரைக்குட்டி ரசிகர்களிடம் வெக்டார் படம் கற்போம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இன்டர்நெட்டில் பிடித்த படத்தைப் பார்த்தவுடன் ரைட் க்ளிக் செய்து சேவ் செய்து கொள்வோம். மானிட்டரில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதைப் பெரிதாக்கி அச்சடிக்கப் போகும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கும்.

எனக்கும் அதுதான் நடந்தது. என் அக்கா மகளுக்கு ஐந்தாவது பிறந்த நாள். ஹால் சுவரில் மாட்ட ஆறடிக்கு நாலடியில் ஒரு ப்ளெக்ஸ் தயார் செய்யும் பொறுப்பு, சாப்ட்வேர் வேலை பார்க்கிறவன் என்ற ஒரே காரணத்தால் என் தலையில் விழுந்தது. அவளுக்குப் பிடித்த கார்ட்டூன் குதிரைக்குட்டியின் படம் ஒன்றை இறக்கி, பென் டிரைவில் போட்டு கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் பார்த்ததுமே, "தம்பி, இந்தப் படம் உடையும். பெருசா வேற இருந்தா கொண்டாங்க" என்றார். "பரவாயில்லை அண்ணே, அடிங்க" என்று நான்தான் அவசரப்பட்டேன். வந்தது குதிரை அல்ல, குளியலறைச் சுவர் டைல்ஸ்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். படத்தின் உயரம் 300 பிக்சல். நாலடி என்பது 48 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1220 மில்லிமீட்டர். 300 புள்ளிகளை அந்த உயரத்துக்கு இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் 4 மில்லிமீட்டர் சதுரமாகிவிடும். அரிசியைக் கோலத்தில் அடுக்கியது போலத் தெரியாமல் என்ன செய்யும்?

பிறந்த நாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அப்போதுதான் ஹாஸ்டலில் என் ரூம் மேட் செய்து கொண்டிருந்த ஒரு வேலை ஞாபகம் வந்தது. அவனும் இதே குதிரைக்குட்டித் தொடரின் ரசிகன். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிற, மீசை வைத்த பையன், சிறுமிகளுக்கான கார்ட்டூனை ஒவ்வொரு பிரேமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்து வரைந்து கொண்டிருப்பான். நாங்கள் செய்யாத கேலி கிடையாது. இந்தப் பாடத்தில் பாதி அவன் கற்றுக் கொடுத்தது.

யார் இந்த ரசிகர்கள்?

'மை லிட்டில் போனி' என்பது அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி 1980-களில் இருந்து விற்று வரும் பொம்மை வரிசை. அதை வைத்து 'பிரண்ட்ஷிப் ஈஸ் மேஜிக்' என்ற அனிமேஷன் தொடர் 2010 அக்டோபர் 10 அன்று அங்கே ஒளிபரப்பாகத் தொடங்கியது. உருவாக்கியவர் லாரன் பாஸ்ட். 'பவர்பப் கேர்ள்ஸ்' தொடரில் வேலை பார்த்தவர். பொம்மை விற்கத்தானே என்று அலட்சியமாகச் செய்யாமல், ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு குணம், ஒரு குறை என்று கதை அமைத்தார். விளைவு, சிறுமிகளோடு சேர்ந்து கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகும் ஆண்களும் பார்க்க ஆரம்பித்தார்கள். தங்களுக்கு 'ப்ரோனி' என்று பெயரும் வைத்துக் கொண்டார்கள். 'ப்ரோ'வும் 'போனி'யும் சேர்ந்த சொல்.

இவர்கள் விளையாட்டு வேடிக்கையானது. கை குலுக்குவதற்குப் பதிலாகக் குளம்போடு குளம்பு முட்டுவது போல, கீபோர்டில் ஒரு சாய்வுக்கோடும் ஒரு பிறை அடைப்புக்குறியும் அடித்து அனுப்புவார்கள். எதிராளி அதையே திருப்பிப் போட்டுப் பதில் அனுப்ப வேண்டும். கூட்டத்தில் இரண்டு வினாடி வந்து போகும் குதிரைக்கெல்லாம் பெயர் வைப்பார்கள். மணற்கடிகாரச் சின்னம் போட்ட பழுப்புக் குதிரை ஒன்று, 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொடரின் நாயகன் சாயலில் இருந்ததால் 'டாக்டர் ஹூவ்ஸ்' ஆனது. ஹூவ்ஸ் என்றால் குளம்புகள்.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து டெர்பியுடையது. முதல் எபிசோடில் கூட்டத்தோடு நின்ற ஒரு சாம்பல் நிறக் குதிரைக்கு இரண்டு கண்ணும் இரண்டு திசையில் இருந்தன. படத்தை பாஸ் செய்து பார்த்த ரசிகர்கள் கண்டுபிடித்து, பெயரும் வைத்துக் கொண்டாடினார்கள். ஸ்டூடியோக்காரர்களும் ரசித்து, வேண்டுமென்றே அவளை அதே கண்ணோடு பின்னணியில் நிறுத்தத் தொடங்கினார்கள். 2012 ஜனவரி 21 அன்று வந்த எபிசோடில் அவளைப் பெயர் சொல்லியே அழைத்து விட்டார்கள். உடற்குறை உள்ளவர்களைக் கேலி செய்வதாக உள்ளது என்று சிலர் புகார் செய்ய, அடுத்த மாதமே பெயரை நீக்கி, குரலை மாற்றி, கண்ணையும் ஓரளவு நேராக்கிய பதிப்பு விற்பனைக்கு வந்தது. புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ரசிகர்களில் பலர் அவளைக் கேலிக்காக வைத்துக் கொள்ளவில்லை, பாசத்தோடு வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை. 2015 ஜூனில் வந்த நூறாவது எபிசோடில் அவளையும் இப்படிப்பட்ட பின்னணிக் குதிரைகளையும் முன்னால் நிறுத்தியே முழுக்கதையும் எடுத்தார்கள். ரசிகர்களுக்கு ஒரு கம்பெனி செய்த மரியாதை என்று நான் இதைத்தான் சொல்வேன்.

என் அக்கா மகள் கேட்டதும் இந்த டெர்பியைத்தான்.

புள்ளியும் கோடும்

இப்போது பாடத்துக்கு வருவோம். நாம் சாதாரணமாகப் பார்க்கும் ஜேபெக், பி.என்.ஜி. படங்கள் பிட்மேப் வகை. இத்தனையாவது வரிசையில் இத்தனையாவது புள்ளிக்கு இந்த நிறம் என்று பைலில் எழுதி வைத்திருக்கும். பெரிதாக்கினால் புதிய புள்ளிகள் எங்கிருந்தும் வராது. வெக்டார் படத்தில் புள்ளிகளே இல்லை. இந்த இடத்தில் தொடங்கி இப்படி வளைந்து அந்த இடத்தில் முடி, உள்ளே சாம்பல் நிறம் பூசு என்ற கட்டளைகள்தான் இருக்கும். தபால்தலை அளவு கேட்டாலும் நாலடி கேட்டாலும் கம்ப்யூட்டர் அந்தந்த அளவுக்குப் புதிதாக வரைந்து தரும்.

இந்தத் தொடர் கனடாவின் வான்கூவர் நகரில் ப்ளாஷ் சாப்ட்வேர் கொண்டு தயாரிக்கப்பட்டது. ப்ளாஷ் வெக்டார் முறையில் வேலை செய்வது. அதனால்தான் குதிரைகள் தட்டையான நிறங்களோடும் சீரான வெளிக்கோட்டோடும் இருக்கும். அதைப் பார்த்துத் திரும்ப வெக்டாராக வரைவது ரசிகர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஆயிரக்கணக்கான படங்களை வரைந்து ஒருவருக்கொருவர் பகிர்ந்து கொண்டார்கள். பலர் பயன்படுத்தியது இங்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேர். 2003-இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் திட்டம் இது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இதன் சொந்த இணையதளத்தில் இருந்தே டவுன்லோடு செய்யுங்கள். வேறு தளங்களில் இருந்து எடுத்தால் வேண்டாத விளம்பர சாப்ட்வேரும் கூடவே ஒட்டிக்கொண்டு வரலாம்.

வரைந்து பார்ப்போம்

முதலில் மாதிரிப் படம் வேண்டும். வி.எல்.சி. பிளேயரில் வீடியோவை ஓடவிட்டு, வேண்டிய இடம் நெருங்கும்போது 'இ' கீயை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு பிரேம் நகரும். குதிரை அசையாமல் நிற்கும் பிரேமைத் தேர்ந்தெடுத்து 'ஷிப்ட் + எஸ்' அழுத்தினால் படம் பிக்சர்ஸ் போல்டரில் சேவ் ஆகிவிடும். வேகமாக ஓடும் பிரேமை எடுக்காதீர்கள். அசைவைக் காட்டுவதற்காக அங்கே முகத்தையே ரப்பர் போல இழுத்து வரைந்திருப்பார்கள்.

இங்க்ஸ்கேப்பைத் திறந்து 'கண்ட்ரோல் + ஐ' மூலம் அந்தப் படத்தை இம்போர்ட் செய்யுங்கள். 'எம்பெட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் படம் பைலுக்கு உள்ளேயே இருக்கும். அடுத்து 'கண்ட்ரோல் + ஷிப்ட் + எல்' அழுத்தினால் லேயர் பேனல் திறக்கும். படம் உள்ள லேயரில் பூட்டு அடையாளத்தைக் க்ளிக் செய்து பூட்டிவிட்டு, மேலே புதிய லேயர் ஒன்றைச் சேருங்கள். படத்தின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து வரைவது போலத்தான்.

'டிரேஸ் பிட்மேப்' என்று ஒரு வசதி மெனுவில் இருக்கிறதே, ஒரே க்ளிக்கில் வேலை முடிந்து விடாதா என்று கேட்பீர்கள். நானும் முயன்றேன். கம்ப்யூட்டர் நூற்றுக்கணக்கான முனைகளைக் கொட்டி, நடுங்கும் கையால் வரைந்தது போல ஓரங்களைத் தந்தது. கறுப்பு வெள்ளை லோகோவுக்கு அது போதும். இதற்குக் கைதான்.

'பி' கீயை அழுத்தினால் பென் டூல் வரும். க்ளிக் மட்டும் செய்தால் நேர்கோடு. க்ளிக் செய்து மவுஸை விடாமல் இழுத்தால் வளைகோடு. தொடக்கத்தில் எல்லோரும் அரை அங்குலத்துக்கு ஒரு முனை வைப்போம். அதுதான் தப்பு. ரூம் மேட் எனக்குச் சொன்ன ரகசியம் இது: கோடு திசை மாறும் இடத்திலும் கூர்மையாக மடங்கும் இடத்திலும் மட்டும் முனை வையுங்கள். குதிரையின் முதுகுக்கு இரண்டு முனை போதும். முனை குறையக் குறையக் கோடு வழுக்கிக் கொண்டு போகும். தவறினால் பேக்ஸ்பேஸ் அழுத்தி கடைசி முனையை அழிக்கலாம். ஆரம்பித்த முனையிலேயே வந்து க்ளிக் செய்தால் உருவம் மூடிக்கொள்ளும். பிறகு 'என்' கீயை அழுத்தி, முனைகளின் இருபுறமும் நீட்டிக் கொண்டிருக்கும் கைப்பிடிகளை இழுத்து வளைவைச் சரிசெய்யுங்கள். முதல் நாள் கை ஒத்துழைக்காது. எனக்கு ஒரு காது வரைய முக்கால் மணி நேரம் ஆனது.

கழுத்து, உடல், கால், பிடரி, வால் என ஒவ்வொன்றையும் தனித்தனி உருவமாக வரையுங்கள். எது முன்னால், எது பின்னால் என்பதை 'பேஜ் அப்', 'பேஜ் டவுன்' கீகளால் மாற்றலாம். நிறத்துக்கு 'டி' கீ. வரைந்த உருவத்தை செலக்ட் செய்து, மாதிரிப் படத்தில் வேண்டிய நிறத்தின் மேல் க்ளிக் செய்தால் அதே நிறம் உள்ளே நிரம்பும். ஷிப்டை அழுத்திக் கொண்டு க்ளிக் செய்தால் வெளிக்கோட்டுக்கு நிறம் வரும். இந்தத் தொடரில் வெளிக்கோடு கறுப்பு அல்ல என்பதைக் கவனியுங்கள். உடல் நிறத்தின் அடர்த்தியான சாயல்தான் கோடு. கறுப்பில் கோடு போட்டால் எவ்வளவு சரியாக வரைந்தாலும் எங்கேயோ இடிக்கும்.

ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்தது. படத்தைப் பெரிதாக்கும்போது கோட்டின் தடிமன் மட்டும் வளராமல் நின்றுவிடலாம். பெரிய உடம்பு, நூல் போன்ற கோடு. செலக்ட் டூலில் இருக்கும்போது மேல் பட்டையில், கோட்டின் தடிமனும் சேர்ந்து வளர ஒரு பட்டன் உண்டு. அது அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கண்ட்ரோல் கீயைப் பிடித்தபடி மூலையை இழுங்கள்.

முடிந்ததும் எஸ்.வி.ஜி.யாக சேவ் செய்யுங்கள். அதுதான் உங்கள் மூலப் பிரதி. கடைக்குக் கொடுக்க பி.டி.எப். ஆகவும் ஒன்று சேவ் செய்யலாம். பி.என்.ஜி. கேட்டால் 'ஷிப்ட் + கண்ட்ரோல் + இ' மூலம் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 48 அங்குலத்துக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி என்றால் 3456 பிக்சல் உயரம். தூரத்தில் இருந்து பார்க்கும் ப்ளெக்சுக்கு அது தாராளம்.

விற்கலாமா?

வீட்டில் வரைந்து பழகுவது வேறு, அதையே டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்பது வேறு. நீங்கள் வரைந்தாலும் கதாபாத்திரம் கம்பெனியுடையது. இந்த ரசிகர்களில் சிலர் சேர்ந்து, குதிரைகள் சண்டை போடும் கம்ப்யூட்டர் கேம் ஒன்றை 2011 முதல் உருவாக்கி வந்தார்கள். வெக்டார் ஓவியமும் அனிமேஷனும் அவ்வளவு நேர்த்தி. 2013 பிப்ரவரியில் நிறுத்தச் சொல்லி ஹாஸ்ப்ரோவிடம் இருந்து வக்கீல் கடிதம் வந்தது. இரண்டு வருட உழைப்பு நின்று போனது. அப்போது லாரன் பாஸ்டே முன்வந்து, அவர்களுக்காகப் புதிய விலங்குப் பாத்திரங்களை வடிவமைத்துக் கொடுத்தார். மாடு, ஆடு, மான் என்று மாற்றி வரைந்து, மக்களிடம் நிதி திரட்டி, 2020 ஏப்ரலில் 'தெம்ஸ் பைட்டின் ஹெர்ட்ஸ்' என்ற பெயரில் முழுமையாக வெளியிட்டார்கள். ஒன்பது வருடம். இந்தப் பிடிவாதத்தைப் பார்த்த பிறகு ரூம் மேட்டைக் கேலி செய்ததற்கு எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

தொடர் 2019 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதே வருடம் பால்டிமோரில் நடந்த கடைசி 'ப்ரோனிகான்' கூட்டத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 2011-இல் நியூயார்க்கில் நூறு பேரோடு தொடங்கியது அது. ரசிகர்கள் செய்த பழைய ப்ளாஷ் கேம்கள் பலவும் இன்று நேரடியாக ஓடாது. 2020 டிசம்பர் 31-உடன் ப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுத்திவிட்டது. இப்போது எந்தத் தளமாவது ப்ளாஷ் பிளேயரை இன்ஸ்டால் செய்யச் சொன்னால் தொடவே தொடாதீர்கள், வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பைல்களைப் பார்க்க 'ரபிள்' என்ற இலவச சாப்ட்வேர் உண்டு.

மூன்று ராத்திரி உட்கார்ந்து டெர்பியை வரைந்து முடித்தேன். பிறந்த நாளுக்கு முந்தைய நாள் காலை பைலைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். மதியம் போன் வந்தது. "தம்பி, இந்தத் தடவை படம் கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா ஒரு கண்ணு மேல போயிருக்கு பாருங்க. நானே நேர் பண்ணி அடிச்சுரட்டுமா?"

"ஐயோ அண்ணே, கண்ணை மட்டும் தொட்டுடாதீங்க" என்றேன்.