முதலில் ஒரு செங்கல்

புதுச்சேரி மூலக்குளத்துக்குப் பக்கத்து ஊர் வில்லியனூர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அதை மையமாக வைத்துத்தான் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே கணினி வந்தது; இயக்கியவர்கள் பெண்கள். மீனவக் கிராமமான வீராம்பட்டினத்தில் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஆக, நம் பக்கத்துக்குக் கணினி புதுசில்லை. அதைப் பற்றிய பயங்களும் தப்பான நம்பிக்கைகளும்தான் வருஷா வருஷம் புதுசாக முளைக்கின்றன.

நம்பிக்கை: திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுக்கும்; அதைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் தப்பிக்கலாம்.

உண்மை: நானும் ஏமாந்தவன்தான். கூடுதல் காசு கொடுத்து வாங்கிப் போட்டேன். சாயங்காலக் கண்ணெரிச்சல் அப்படியே இருந்தது. அந்தக் காலத்துப் பெட்டி மானிட்டர் முன்னால் தொங்கிய ஃபில்டர் கண்ணாடியின் வாரிசு இது. 2023இல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 17 சோதனைகளை அலசிவிட்டு, கணினி வேலையால் வரும் கண்சோர்வை இந்தக் கண்ணாடி குறைப்பதாகத் தெரியவில்லை என்றார்கள். வாசல் வெயிலில் இருக்கும் நீல ஒளிக்கு முன்னால் திரையின் ஒளி ஒன்றுமே இல்லை.

எரிச்சலுக்கு முக்கியக் காரணம், நாம் கண் சிமிட்ட மறப்பது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறையாவது சிமிட்டுவோம். திரையைப் பார்க்கும்போது அது பாதியாகிவிடும், சிலருக்கு இன்னும் குறையும். போதாததற்கு முகத்துக்கு நேராக டேபிள் ஃபேன்! கண்ணின் ஈரம் காயாமல் என்ன செய்யும்? நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் அடிக்க வருவீர்கள். பக்கவாட்டில் திருப்பி வையுங்கள், போதும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் இருப்பதை 20 விநாடி பாருங்கள். சாலையோர ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இது சுலபம்; எதிர்க்கடைப் பலகையைப் படித்தாலே ஆயிற்று.

நம்பிக்கை: முதுகை விறைப்பாக 90 டிகிரியில் வைத்தே உட்கார வேண்டும்.

உண்மை: 2006இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, முதுகுத்தண்டின் வட்டுகளுக்குச் சிரமம் குறைவாக இருந்தது 135 டிகிரி சாய்வில். அப்படிச் சாய்ந்துகொண்டு யாரும் பட்டா விண்ணப்பம் அடிக்க முடியாது. சற்றே சாயுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

நம்பிக்கை: நல்ல நாற்காலிக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும்.

உண்மை: இருக்கும் நாற்காலியே போதும். கால் அந்தரத்தில் தொங்கினால் காலடியில் செங்கல் வையுங்கள். லேப்டாப்பைக் குனிந்து பார்க்காமல், பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி அதன்மேல் ஏற்றிவிட்டுத் தனிக் கீபோர்டு மாட்டுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும்.

நம்பிக்கை: ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குவதுதான் விரலுக்குச் சுகம்.

உண்மை: 'தட்டச்சு' என்று அப்படி எழுத்தெழுத்தாக அடிக்கச் சுமார் பத்துத் தட்டு வேண்டும். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் த, ட, ட, ச, ச, உ என்று ஆறே தட்டு. புள்ளிகள் தாமாக விழும். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. நாள் முழுக்க மனு அடிப்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விரல் மரத்துப்போவதும் இரவில் மணிக்கட்டு வலித்து எழுப்புவதும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் செங்கல் உதவாது. மருத்துவரைப் பாருங்கள்.