பெயர் இருக்கிறது, ரேட் எங்கே?

அன்புள்ள கண்ணுக்கு,

நீ அனுப்பிய எக்செல் ஃபைலைத் திறந்து பார்த்தேன். நூல் பில் போடும் மேக்ரோ பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. சிக்கல் ஒரே வரியில்தான். ரேட்20, ரேட்24, ரேட்30, ரேட்34, ரேட்40 என்று ஐந்து வேரியபிள் வைத்து, ஒவ்வொன்றிலும் அந்தக் கவுண்ட்டின் (நூலின் நயத்தைச் சொல்லும் எண்) கிலோ விலையைப் போட்டிருக்கிறாய். பில்லில் கவுண்ட் 30 என்று வந்தால், "ரேட்" என்ற எழுத்தோடு & குறி போட்டு 30ஐ ஒட்டி, வருவதை எடையால் பெருக்கச் சொல்கிறாய். எரர் 13, 'டைப் மிஸ்மேட்ச்' என்று நின்றுவிடுகிறது. (நீ இங்கிலீஷில் அடித்த பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன். மேக்ரோவில் அவை இங்கிலீஷிலேயே இருக்கட்டும். காரணம் பின்னால் சொல்கிறேன்.)

நீ ஒட்டிச் செய்தது வேரியபிள் அல்ல, வெறும் எழுத்து. எழுத்தை எடையால் எப்படிப் பெருக்குவது? ரேட்30 என்ற பெயர் நீ படிப்பதற்கும் எழுதுவதற்கும்தான். கட்டிங் மாஸ்டர் துணியில் போடும் சாக்பீஸ் கோடு மாதிரி அது. வெட்டும்வரை அதுதான் எல்லாம். தைத்து முடித்த பனியனில் அதைத் தேட முடியாது. மேக்ரோ ஓடிக்கொண்டிருக்கும்போது "இந்தப் பெயருள்ள வேரியபிளைக் கொடு" என்று கேட்க, மேக்ரோவின் மொழியான விபிஏவில் வழி இல்லை.

எல்லா மொழியிலும் இப்படி இல்லை. ஃபாக்ஸ்ப்ரோவில் ஒரு வேரியபிளுக்கு முன்னால் & போட்டால், அதற்குள் இருக்கும் எழுத்தையே கட்டளையின் பகுதியாக எடுத்துக்கொண்டு ஓடும். பிஹெச்பியில் டாலர் குறியை இரட்டையாகப் போட்டு இன்றைக்கும் அதைச் செய்யலாம். விபிஏவில் இது இல்லையே என்று எனக்கு வருத்தம் கிடையாது. ஃபாக்ஸ்ப்ரோவில் அப்படி எழுதிய ஒருவரின் புரோகிராமைத் திருத்த உட்கார்ந்தால், ரேட்30 எங்கெல்லாம் பயன்படுகிறது என்று தேடினாலும் கிடைக்காது. பயன்படும் இடத்தில் அந்தப் பெயர் முழுதாக எழுதப்பட்டிருக்காதே! 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' போட்டால் வேரியபிள் பெயரில் உள்ள எழுத்துப்பிழையை விபிஏ ஓடுவதற்கு முன்பே பிடித்துக் கொடுக்கும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயரை அது எட்டிக்கூடப் பார்க்காது.

அதனால் பெயரை ஒட்டும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்: ஓடும் நேரத்தில் இந்தப் பெயரை யார் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்? யாராவது வைத்திருந்தால் தாராளமாக ஒட்டலாம். ஷீட் பெயர்களை 'வொர்க்‌ஷீட்ஸ்' வைத்திருக்கிறது. ஃபார்மில் இருக்கும் பெட்டிகளின் பெயர்களை 'கன்ட்ரோல்ஸ்' வைத்திருக்கிறது. "டெக்ஸ்ட்பாக்ஸ்" என்பதோடு 1, 2, 3 என்று ஒட்டி வரிசையாக எடுக்கலாம். செல்லுக்கு நீ கொடுத்த பெயரை 'ரேஞ்ச்' தேடித் தரும். மேக்ரோவையே கூட 'அப்ளிகேஷன் ரன்' மூலம் பெயர் சொல்லி ஓட்டலாம்.

இதில் செல்லுக்குப் பெயர் வைக்கும் வழியைத்தான் உன் ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். வேலை செய்யும். ஆனால் ஒரு குழி இருக்கிறது. மில்காரர்கள் மாதத்துக்கு மாதம் ரேட்டை மாற்றுவதால் நீ மாதப் பெயரில் போகப் பார்ப்பாய்: ஜேஏஎன் என்ற மூன்று எழுத்து, பக்கத்தில் 2024. அந்தப் பெயரை வைக்க எக்செல் விடாது. எக்செல் 2003 வரை கடைசி நெடுவரிசை ஐவி, மொத்தம் 256. 2007இல் அது எக்ஸ்எஃப்டி வரை நீண்டு 16,384 ஆனது. அன்றிலிருந்து ஜேஏஎன் ஒரு நெடுவரிசையின் பெயர். ஜேஏஎன்2024 அந்த நெடுவரிசையின் 2024ஆவது வரிசையில் இருக்கும் செல். பன்னிரண்டு மாதத்தின் மூன்றெழுத்துச் சுருக்கமும் இப்படித்தான் மாட்டுகிறது. சரி என்று நடுவில் அடிக்கோடு போட்டுப் பெயர் வைப்பாய். பிறகு ஒருநாள் மேக்ரோவில் ஒட்டும்போது அந்த அடிக்கோட்டை மறப்பாய். எரர் வராது, கண்ணு. ஷீட்டில் வலப்பக்கம் வெகு தூரத்தில் இருக்கும் அந்தக் காலி செல்லை எக்செல் மரியாதையாகக் கொண்டுவந்து கொடுக்கும், ரேட் சைபர் ஆகும், பில்லும் சைபருக்குப் போகும். 2003 காலத்து ஃபைலைப் புது வடிவத்துக்கு மாற்றும்போதும் இதே கதை. பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்து எக்செல் தானே சரிசெய்துவிடும். மேக்ரோவுக்குள் நீ மேற்கோளில் எழுதிய பழைய பெயரை மட்டும் தொடாது.

உனக்கு நான் சொல்வது, பெயர் வைப்பதையே விட்டுவிடு. ரேட்30 என்பதில் 30 பெயரின் பகுதி அல்ல. அது தகவல். தவறிப்போய்ப் பெயருக்குள் நுழைந்திருக்கிறது. அதை வெளியே எடுத்து ஒரு ஷீட்டில் வை: ஒரு நெடுவரிசையில் கவுண்ட், பக்கத்து நெடுவரிசையில் ரேட். அக்கவுன்டன்ட் அண்ணனே ரேட்டை மாற்றிக்கொள்வார், மேக்ரோவைத் திறக்க வேண்டியதில்லை.

அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க வழிகள் பல. எதை எடுத்தாலும், இல்லாததைக் கேட்டால் அது கத்துமா, சும்மா இருக்குமா என்பதை முதலில் பார். 1 முதல் 100 வரை ஒரு அரே வைத்து, கவுண்ட்டையே எண்ணாகக் கொடுக்கலாம். ஆனால் பட்டியலில் இல்லாத 26ஐக் கேட்டால் சைபரைத் தரும். 'வீலுக்அப்' ஃபார்முலா அதைவிட மோசம். நான்காவது இடத்தில் 'ஃபால்ஸ்' கொடுக்க மறந்தால், 26 இல்லையென்று 24இன் ரேட்டை எடுத்து நீட்டும். சைபரையாவது யாராவது கவனிப்பார்கள், அரை ரூபாய் குறைந்த ரேட்டை யார் கவனிப்பார்கள்?

நான் வைத்துக்கொள்வது டிக்‌ஷனரி. மேக்ரோ தொடங்கியதும் ஷீட்டைப் படித்துக் கவுண்ட்டைச் சாவியாகவும் ரேட்டை மதிப்பாகவும் போட்டுவிட்டால், பிறகு கேட்டது உடனே வரும். விண்டோஸில் மட்டும்தான் இது உண்டு, மேக் கம்ப்யூட்டரில் கிடையாது. உங்கள் ஆபீஸுக்கு அது பிரச்சினை இல்லை. இதற்கும் ஒரு கெட்ட குணம் இருக்கிறது. இல்லாத சாவியைக் கேட்டால் எரர் தராது. அந்தச் சாவியைத் தானே உண்டாக்கி, காலி மதிப்பை உள்ளே வைத்துவிடும். அதனால் எடுக்கும் முன் 'எக்ஸிஸ்ட்ஸ்' போட்டு இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் நீயே மெசேஜ் போட்டு மேக்ரோவை நிறுத்து. இன்னொன்று, செல்லிலிருந்து வரும் 30 எண், ஃபார்ம் பெட்டியிலிருந்து வரும் "30" எழுத்து. டிக்‌ஷனரிக்கு இரண்டும் வேறு வேறு. போடும்போதும் கேட்கும்போதும் எழுத்தாக மாற்றி, ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்பேஸை 'ட்ரிம்' போட்டு வெட்டிவிடு.

மாதமும் சேர வேண்டுமென்றால் சாவியில் இரண்டையும் ஒட்டலாம். இங்கே ஒட்டுவதில் தப்பே இல்லை. நடுவில் ஒரு கோடு மட்டும் கட்டாயம். 21ஸ் (21 கவுண்ட்) ஜனவரி என்றால் 21ம் 1ம் சேர்ந்து 211. 2ஸ் நவம்பர் என்றால் 2ம் 11ம் சேர்ந்து அதே 211. பனியன் கம்பெனிக்கு 2ஸ் எதற்கு என்பாய். சைஸ், கலர், பார்ட்டி நம்பர் என்று நாளைக்கு இதே முறையை வேறு எதற்காவது வைக்கத்தான் போகிறாய்.

'இன்டைரக்ட்' ஃபார்முலாவைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஷீட்டிலேயே பெயரை ஒட்டித் தேட அது உதவும். ஆனால் எந்தச் செல்லில் எதை மாற்றினாலும் அது மறுபடி கணக்குப் போடும். வரிசைகள் ஆயிரக்கணக்கில் போனால் ஃபைல் திணறும். ஷீட்டின் பெயரை யாராவது மாற்றினால், மற்ற ஃபார்முலாக்கள் தாமே திருந்திக்கொள்ளும், இது மட்டும் திருந்தாது. நான் தொடமாட்டேன்.

கடைசியாக, தமிழ். பார்ட்டி பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறாய். ஷீட்டில் அது நன்றாக இருக்கும். ஆனால் விபிஏ எழுதும் ஜன்னல் யூனிகோடு அறியாதது. அங்கே தமிழில் அடித்தால் கேள்விக்குறிகளாக நிற்கும். உள்ளே ஓடும்போது அந்தக் குறை இல்லை. செல்லிலிருந்து படித்த தமிழ்ப் பெயரை டிக்‌ஷனரிக்குச் சாவியாகக் கொடுத்தால் ஒழுங்காகவே வேலை செய்யும். ஆகவே தமிழ்ப் பெயர் எதையும் மேக்ரோவில் அடிக்காதே, செல்லிலிருந்தே எடு.

மாற்றி எழுதியதும் ஃபைலை அனுப்பு. அதற்கு முன் 26 என்று ஒரு பில் போட்டுப் பார்த்து, மேக்ரோ என்ன சொன்னது என்பதையும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
மாமா