சிக்னல் போனாலும் சபை கலையக் கூடாது: அக்காவின் 9 டிப்ஸ்

"உனக்குத்தான் போன் நல்லா தெரியுமே"ன்னு சொல்லி சபையோட வாட்ஸ்அப், லைவ், ஜூம் எல்லாத்தையும் உன் தலையில கட்டிட்டாங்களா? அப்போ இது உனக்குத்தான். வேலைக்கும் போய்க்கிட்டு இதையும் பார்க்கணும்னு எனக்குத் தெரியும். சுருக்கமாவே சொல்றேன்.

நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கம் கூடிவர முடியாம போறதுக்குக் கொரோனாதான் வரணும்னு இல்லை, ஒரு பெருமழை போதும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்துச்சு. விடிஞ்சா டிசம்பர் 1, திருவருகைக் காலத்தோட முதல் ஞாயிறு. அந்த மழையில யாரைக் கோயிலுக்குக் கூப்பிடுறது? கல்வராயன் மலைப்பாதையில மண் சரிஞ்சா, வெள்ளிமலைக்குப் போக வேண்டிய வண்டி கச்சிராயபாளையத்துலயே நின்னுடும். மழை இல்லாத மாசத்துலயும் மலையில பல வீட்டு ஆளுங்க வேலைக்குக் கேரளா, திருப்பூர்னு போயிருப்பாங்க.

இந்த நேரத்துல எல்லாரும் பண்ற முதல் தப்பு, ஸ்டாண்டும் மைக்கும் வாங்க ஓடுறது. நீ ஓடாதே. உட்காரு.

1. முதல்ல நோட்டு, அப்புறம் போன்
நாப்பது பக்க நோட்டு ஒண்ணு எடு. சபையில இருக்கிற ஒவ்வொரு வீட்டையும் எழுதி, பக்கத்துல மூணு கட்டம் போடு: ஸ்மார்ட்போன், பட்டன் போன், போனே இல்லை. லைவ் போட்டா எத்தனை பேர் பார்த்தாங்கன்னு காட்டும். யார் வரலைன்னு காட்டாது. உனக்கு வேண்டியது அந்த ரெண்டாவது கணக்குதான்.

2. பட்டன் போனை மதி
கான்ஃபரன்ஸ் கால்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துட்டீங்க. ஒரே நேரத்துல நாலஞ்சு பேரைச் சேர்க்கலாம், நெட்டே வேண்டாம். ஒரு ஆளுக்கு நாலு வீடுன்னு பிரிச்சுக் கொடு. கத்தோலிக்கப் பங்குன்னா அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த அன்பியக் குழு ஏற்கெனவே இருக்கு, அதையே வச்சுக்கோ. பத்து நிமிஷம் போதும்: ஒரு வசனம், ஒரு ஜெபம், "சாப்பிட்டீங்களா, மாத்திரை இருக்கா?" கடைசிக் கேள்வியை விட்டுடாதே.

3. மலைக்கு வீடியோ அனுப்பாதே, குரலை அனுப்பு
சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி நின்னு போனைத் தூக்கிப் பிடிக்கிறவங்களுக்கு, அரை மணி நேர வீடியோ சுத்திக்கிட்டே இருக்கும், இறங்காது. அஞ்சு நிமிஷ வாய்ஸ் நோட் சில எம்.பி.தான், சட்டுனு இறங்கிடும். போனே இல்லாத வீட்டுக்கு, சந்தைக்கு வந்து போற ஆள் ஒருத்தர்கிட்ட கொடுத்துவிடு, அவர் போய்ப் போட்டுக் காட்டட்டும். இது புதுசு இல்லை. சிறையில இருந்த பவுல் பிலிப்பியருக்கு எழுதின கடிதத்தை எப்பாப்பிரோதீத்து கொண்டுபோகலையா?

4. வேதாகமத்தை முன்கூட்டியே இறக்கி வை
பைபிள்.இஸ், யூவெர்ஷன் மாதிரி ஆப்ல தமிழ்ல ஒலி வடிவம் இருக்கு. கள்ளக்குறிச்சிக்கு வரும்போதே டவுன்லோட் பண்ணிக்கிட்டு மலையேறு. 1715-ல தரங்கம்பாடியில மிஷனரி சீகன்பால்குவோட தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தப்போ, படிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது பயன்பட்டுச்சு. இன்னைக்கு எழுத்துத் தெரியாத பாட்டியும் தானே கேட்கலாம். அவங்க போன்ல அதை வச்சுக் கொடுக்காதது உன் சோம்பேறித்தனம்.

5. நேரத்தை மாத்தாதே
வேரித்தாஸ் வானொலி சிற்றலையில வந்த காலத்துல, பெரியவங்க சரியான நேரத்துக்கு ரேடியோ முன்னாடி உட்கார்ந்தாங்க. 2018-ல சிற்றலை நின்னுடுச்சு, அந்தப் பழக்கம் மட்டும் அவங்களுக்குப் போகலை. சனிக்கிழமை ராத்திரி ஏழரைன்னா எப்பவும் ஏழரை. "இன்னைக்கு மட்டும் எட்டு"ன்னு ரெண்டு தடவை சொல்லிப் பாரு, மூணாவது வாரம் யாரும் இருக்க மாட்டாங்க.

6. ஜூம்ல எல்லாரையும் பாட வைக்காதே
இந்தத் தப்பை நானே பண்ணினேன். 2020 ஏப்ரல் 12, ஊரடங்குல ஈஸ்டர். "எல்லாரும் சேர்ந்து பாடுங்க"ன்னு ஆர்வக்கோளாறுல சொல்லிட்டேன். குரல் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு நேரத்துல போய்ச் சேருது. ஆளுக்கு ஒரு அடி முன்ன பின்ன, நடுவுல யார் வீட்டுக் குக்கரோ விசில். ஒருத்தர் மட்டும் பாடட்டும், மத்தவங்க மைக்கை அணைச்சுட்டு வீட்டுல பாடட்டும். இலவச ஜூம் 40 நிமிஷத்துல துண்டிச்சுடும்னு புலம்பாதே. பிரசங்கம் சுருங்கட்டும், நல்லதுதான்.

7. ஜெபக் குறிப்புல ஊர் வம்பு வேண்டாம்
யாருக்கு என்ன வியாதி, எந்த வீட்டுல என்ன சண்டைன்னு குரூப்ல போடுறதுக்கு முன்னாடி அவங்களைக் கேளு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்திருக்கிறவர் போட்டோ, ஸ்கேன் ரிப்போர்ட் ரெண்டும் கூடவே கூடாது. "குடும்பத்துல ஒரு தேவை"ன்னு சொன்னாலே போதும், ஆண்டவருக்கு விவரம் தெரியும். காலை வணக்கம், ரோஜாப்பூ ஃபார்வர்டு எல்லாத்தையும் நிறுத்து. அந்தக் குவியல்லதான் "அம்மா சீரியஸ், ஜெபிங்க"ன்னு வர்ற செய்தி புதைஞ்சு போகுது.

8. காணிக்கையில கண்ணு வை
க்யூஆர் கோடு சபைக் கணக்குக்கு இருக்கட்டும், உன் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். நீ யோக்கியன்தான், ஆனா கணக்கு கேட்கிற நாள் வரும். போதகர் படத்தோட புது நம்பர்ல இருந்து "அவசரம், பணம் அனுப்பு"ன்னு வந்தா, அவரோட பழைய நம்பருக்குப் பேசிட்டு அப்புறம் யோசி. பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் போடவே தேவையில்லைன்னு பெரியவங்களுக்குச் சொல்லிக் கொடு. ஏமாந்துட்டா, வெட்கப்பட்டுக்கிட்டு உட்காராம உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் பண்ணச் சொல்லு.

9. திருவிருந்தை நீயா முடிவு பண்ணாதே
வீட்டுல அப்பமும் திராட்சை ரசமும் வச்சுக்கிட்டு ஸ்கிரீனைப் பார்த்து எடுக்கலாமாங்கறதுல சபைக்குச் சபை வழக்கம் வேற. ஆற்காடு லுத்தரன்னா ஐயரைக் கேளு, பெந்தெகொஸ்தேன்னா பாஸ்டரைக் கேளு. கத்தோலிக்கர்னா பூசையைப் பார்த்தபடி ஆன்ம நற்கருணை ஜெபம் சொல்ற வழக்கம் இருக்கு. யூடியூப்ல யாரோ சொன்னாங்கன்னு ஆரம்பிச்சு வைக்காதே.

கடைசியா ஒண்ணு
தமிழ்நாட்டுல 2020 செப்டம்பர் 1-ல வழிபாட்டுத் தலங்களைத் திறந்த பிறகும், சில பேர் தலையணையில சாய்ஞ்சுக்கிட்டே ஆராதனை பார்த்தாங்க. பல் கூட விளக்கலை! படுக்கையில கிடக்கிறவங்களுக்கு அது வரம், உனக்கும் எனக்கும் சாக்கு. பவுலும் கடிதத்தோட நிறுத்திக்கலை, சீக்கிரம் நேர்ல வருவேன்னு நம்பிக்கையா எழுதினார்.

மழை விட்டு பஸ் ஓட ஆரம்பிச்சதும் போனைப் பையில போடு. அந்த நோட்டை எடு. "போனே இல்லை"ன்னு எழுதின வீடு எதுன்னு பாரு. முதல்ல அங்கே போ. வெறுங்கையோட போகாதே, கால் கிலோ பிஸ்கட்டாவது வாங்கிக்கிட்டுப் போ.